பயத்துக்கு மருந்தாக வந்த எட்டு நர்ஸ்கள்

கேள்வி: விமானப் பயணம் தொடங்கிய காலத்தில் ஏர் ஹோஸ்டஸ் வேலை உண்மையிலேயே அவ்வளவு சொகுசாகவும் கவர்ச்சியாகவும் இருந்ததா? ஆரம்பத்தில் நர்ஸ்களை மட்டும்தான் எடுத்தார்கள் என்கிறார்களே, அது ஏன்?

சொகுசு என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. முதல் சில வருடங்களுக்கு அது பாதி நர்ஸ் வேலை, பாதி கூலி வேலை. நர்ஸ்களை மட்டும் எடுத்தார்கள் என்பது உண்மைதான். "பயணிகள் வாந்தி எடுப்பார்கள், கவனிக்க ஆள் வேண்டும்" என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். அது பாதிக் காரணம். மக்களுக்கு விமானத்தின் மேல் இருந்த பயத்தைப் போக்க ஒரு கம்பெனி கண்டுபிடித்த வழி அது. பின்னாளில் வந்த எடைக் கணக்கு, வயது வரம்பு, கல்யாணத் தடை எல்லாமே அந்த யோசனையிலிருந்து கிளைத்தவை என்பது என் எண்ணம். பெரும்பாலும் அமெரிக்கக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். பெண்களுக்கான வேலையாக இது உருவானது அங்கேதான்.

இந்த வேலையைத் தொடங்கி வைத்தவர்கள் ஆண்கள். 1912-ல் ஜெர்மனியில் செப்பலின் ஆகாயக் கப்பலில் பயணிகளுக்குப் பரிமாறிய ஹைன்ரிச் கூபிஸ் என்பவரைத்தான் உலகின் முதல் விமானப் பணியாளர் என்கிறார்கள். 1937-ல் ஹிண்டன்பர்க் என்ற ஆகாயக் கப்பல் தீப்பிடித்து விழுந்தபோதும் அதில் தலைமைப் பணியாளராக இருந்தவர் அதே மனிதர். ஜன்னல் வழியே குதித்துப் பிழைத்தார். பிரிட்டனில் டெய்ம்லர் ஏர்வே கம்பெனி 1922-ல் சின்னப் பையன்களுக்குச் சீருடை போட்டு விமானத்தில் ஏற்றியது. அமெரிக்காவில் பெரும்பாலான விமானங்களில் அதுகூட இல்லை. துணை விமானி தன் சீட்டை விட்டு எழுந்து வந்து, சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போவார். வாந்தி எடுத்தால் துடைப்பதும் அவர் பொறுப்பு. விமானத்தை ஓட்ட வேண்டிய ஆள் பின்னால் வந்து தரை துடைத்தால் உட்கார்ந்திருப்பவனுக்கு எப்படி இருக்கும்?

அப்போது அமெரிக்க விமானக் கம்பெனிகள் பிழைத்ததே தபாலால்தான். அரசாங்கத் தபால் மூட்டைகளைக் கொண்டுபோவதற்குப் பணம் கிடைக்கும். பயணி என்பவர் மேல்வரும்படி. மூட்டை அதிகமாகிவிட்டால் பயணியை இறக்கிவிட்டுப் போவதும் நடந்தது. 1930 ஏப்ரல் 29 அன்று இந்தக் கணக்கு மாறியது. தபாலின் எடைக்குப் பணம் என்றிருந்ததை, தபாலுக்காக விமானத்தில் ஒதுக்கும் இடத்துக்குப் பணம் என்று புதுச் சட்டம் மாற்றியது. அதனால் பெரிய விமானம் வைத்திருப்பவருக்கு லாபம். பெரிய விமானம் என்றால் அதில் சீட்டும் இருக்கும், சீட்டு இருந்தால் அதை விற்கவும் வேண்டும். முதல் பணிப்பெண் விமானம் ஏறியது அதற்குப் பதினாறு நாள் கழித்து, மே 15 அன்று. ஒன்றுக்காக இன்னொன்று வந்தது என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் அதற்கான பேச்சு பிப்ரவரியிலேயே தொடங்கிவிட்டது. ஆனால் சீட்டை எப்படியாவது நிரப்ப வேண்டும் என்ற அவசரம் எல்லாக் கம்பெனிக்கும் அப்போது இருந்தது.

பிப்ரவரியில் நடந்தது இதுதான். அயோவா மாநிலத்தில் க்ரெஸ்கோ என்ற சிற்றூரில் பிறந்த எலன் சர்ச், சான் பிரான்சிஸ்கோவில் நர்ஸாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டிருந்தார். போயிங் ஏர் ட்ரான்ஸ்போர்ட் என்ற கம்பெனியின் அலுவலகத்துக்குப் போனார். இன்றைய யுனைடெட் ஏர்லைன்ஸுக்கு முன்னோடிகளில் ஒன்று அந்தக் கம்பெனி. அங்கே மேலாளராக இருந்தவர் ஸ்டீவ் ஸ்டிம்ப்சன். பைலட் வேலை கேட்டால் ஒரு பெண்ணுக்கு அந்த நாளில் என்ன பதில் கிடைக்கும் என்று சொல்லவே வேண்டாம். சர்ச் அதோடு விடவில்லை. சரி, ஓட்டத்தான் விடமாட்டீர்கள். பயணிகளைப் பார்த்துக்கொள்ள நர்ஸ்களை ஏற்றலாமே என்று கேட்டார். ஸ்டிம்ப்சன் அப்போது ஆண்களைப் பணியாளர்களாக வைக்கும் யோசனையில் இருந்தார். சர்ச் சொன்னது அவருக்கு உடனே பிடித்துப்போனது.

அவர் மேலிடத்துக்கு எழுதினார். முதலில் வந்த பதில் 'முடியாது'. மறுபடி எழுதினார். அவர் வைத்த வாதம் சாப்பாடு பரிமாறுவதைப் பற்றியதல்ல, மனோதத்துவத்தைப் பற்றியது. விமானக் குழுவில் இளம்பெண்கள் நிரந்தர உறுப்பினர்களாக இருந்தால் மக்கள் மனதில் என்ன தோன்றும் என்று யோசித்துப் பாருங்கள் என்பதுதான் அதன் சாரம். இருபத்தைந்து வயதுகூட ஆகாத ஒரு பெண் தினமும் இதில் ஏறி இறங்குகிறாள். மீசை வைத்த வியாபாரி நான் பயப்படுகிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல முடியுமா? அப்போது விமானத்தில் போனவர்கள் பெரும்பாலும் வேலை விஷயமாகப் போகும் ஆண்கள். அவர்களுடைய மானத்தைத் தொட்டு டிக்கெட் விற்கும் உத்தி இது. கடைசியில் மூன்று மாதம் பார்க்கலாம் என்று அனுமதி வந்தது.

எலன் சர்ச்சோடு சேர்த்து எட்டு நர்ஸ்கள் தேர்வானார்கள். திருமணமாகாதவராக இருக்க வேண்டும், வயது 25-க்குள், உயரம் 5 அடி 4 அங்குலத்துக்குள், எடை 115 பவுண்டுக்குள், அதாவது சுமார் 52 கிலோ. உயரத்துக்கும் எடைக்கும் காரணம் இருந்தது. கேபின் கூரை தாழ்வு, நடைபாதை குறுகல். எடையில் குறையும் ஒவ்வொரு பவுண்டும் கம்பெனிக்குத் தபாலாகவோ பெட்ரோலாகவோ திரும்பக் கிடைக்கும். நர்ஸ் படிப்பு கேட்டதிலும் ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கால ஆஸ்பத்திரிப் பயிற்சி கிட்டத்தட்டப் பட்டாளப் பயிற்சிதான். சொன்ன பேச்சைக் கேட்பார்கள், ரத்தம் பார்த்தால் மயங்க மாட்டார்கள், இரவெல்லாம் கண்விழிப்பார்கள். அப்புறம், முன்பின் தெரியாத ஆண்கள் நிறைந்த கேபினில் ஒரு பெண் தனியாக வேலை பார்ப்பதைப் பற்றி ஊர் என்ன பேசும் என்ற கவலையும் நர்ஸ் என்ற பெயரால் அடங்கியது. ஆண் நோயாளிகளைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும் உரிமை நர்ஸுக்குச் சமூகம் ஏற்கெனவே கொடுத்திருந்தது.

மே 15 அன்று சான் பிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்து ஊரான ஓக்லாண்டிலிருந்து சிகாகோவுக்கு எலன் சர்ச் 14 பயணிகளோடு பறந்தார். 20 மணி நேரப் பயணம், வழியில் 13 நிறுத்தங்கள். நம் ஊர் பாசஞ்சர் ரயில் மாதிரி ஒவ்வொரு ஊராக இறங்கி ஏறித்தான் போயிருக்கிறது. எட்டுப் பேரில் நான்கு பேருக்கு சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வயோமிங் மாநிலத்தின் செயென் வரை வேலை. மீதி நான்கு பேருக்கு அங்கிருந்து சிகாகோ வரை.

அவர்கள் ஏறிய போயிங் 80ஏ விமானத்தைப் பற்றிச் சொன்னால்தான் வேலையின் கஷ்டம் புரியும். இரண்டடுக்கு இறக்கை, மூன்று எஞ்சின், மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் வேகம். தோல் உறை போட்ட சீட்டுகள், படிக்க விளக்கு, கழிப்பறையில் வெந்நீர் என்று அந்தக் காலத்துக்கு அது உயர்ந்த வசதி. ஆனால் கேபினுக்குள் காற்றழுத்தத்தைச் சீராக வைக்கும் ஏற்பாடு எந்தப் பயணி விமானத்திலும் அப்போது கிடையாது. அது 1940-ல் போயிங் 307 விமானத்தோடுதான் பயணிகளுக்குக் கிடைத்தது. ஆகவே மேகத்துக்கு மேலே ஏறித் தப்பிக்க வழியில்லை. மலைக்காற்று அடிக்கும் உயரத்தில், அந்தக் காற்றுக்குள்ளேயே பறக்க வேண்டும். விமானம் தூக்கிப் போடும், திடீரென்று பள்ளத்தில் இறங்குவது போல விழும். எஞ்சின் சத்தத்தில் பக்கத்து சீட்டுக்காரரிடம் கத்தித்தான் பேச வேண்டும். குளிர் எலும்பைத் துளைக்கும். பெட்ரோல் வாடை, சுருட்டு வாடை, அதோடு நாலு பேர் வாந்தி எடுத்த வாடை. தனக்கே குமட்டுகிறபோது அடுத்தவருக்குத் தலையைப் பிடித்துவிட வேண்டும். முதல் பயணங்களில் அந்தப் பெண்களுக்கும் இது சகஜம்தான். ஆனால் காட்டிக்கொள்ளக் கூடாது.

ஒரு நாள் வேலை எப்படி ஓடும்? பயணிகள் வருவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். கேபினைப் பெருக்கித் துடைக்க வேண்டும். ஜன்னல் விளிம்பில் தூசி இருக்கக் கூடாது. உள்ளே இருக்கும் கடிகாரத்துக்கும் உயரமானிக்கும் சாவி கொடுக்க வேண்டும். சீட்டுகள் தரையில் சரியாக முடுக்கப்பட்டிருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்க்க வேண்டும். தளர்ந்திருந்தால் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து முடுக்க வேண்டியதும் அவர்தான். பயணிகள் வந்ததும் அவர்களையும் பெட்டிகளையும் எடை போடுவார்கள். பெட்டிகளைத் தூக்கி உள்ளே வைப்பது இவர் வேலை. டிக்கெட்டில் துளை போட வேண்டும். காதில் அடைக்கப் பஞ்சும், காது வலி எடுக்காமல் இருக்கச் சூயிங் கம்மும் கொடுக்க வேண்டும். போர்வை போர்த்த வேண்டும். கேட்டால் ஷூவைக் கழற்றித் துடைத்துக் கொடுக்கவும் வேண்டும்.

தரையில் அடர்பச்சைக் கம்பளிச் சீருடை, தோளில் கேப் என்ற மேல்போர்வை, தலையில் பெரே தொப்பி. விமானம் கிளம்பியதும் அதன் மேல் நர்ஸ் அங்கி. பயணிக்கு அந்த அங்கிதான் முதல் மருந்து.

அந்தக் காலக் கையேட்டில் இருந்த சில விதிகளைப் படிக்கும்போது சிரிப்பும் வரும், கூடவே வயிற்றைக் கலக்கவும் செய்யும். பறக்கும் முன் கேபினில் உள்ள ஈக்களை அடித்துவிட வேண்டும். எரியும் சிகரெட்டையும் குப்பையையும் ஜன்னலுக்கு வெளியே வீசக் கூடாது என்று பயணிகளை எச்சரிக்க வேண்டும். ஆம், ஜன்னலைத் திறக்கலாம், கீழே ஊர்கள் இருக்கின்றன. கழிப்பறைக்கு எழுந்து போகிறவர் மேல் ஒரு கண் இருக்க வேண்டும், அவர் தவறிப்போய் வெளிக்கதவைத் திறந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விமானிகள் ஏறும்போது ராணுவ முறையில் விறைப்பாக சல்யூட் அடிக்க வேண்டும். சிரித்த முகம் அவசியம், ஆனால் பயணியோடு நெருங்கிய தோழி போலப் பழகிவிடக் கூடாது. கையோடு ரயில் கால அட்டவணை வைத்திருக்க வேண்டும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த ரயில் அட்டவணைதான். வானிலை கெட்டால் ஏதாவது ஓர் இடத்தில் இறங்கிவிடுவார்கள். அங்கிருந்து பயணிகளை ரயில் நிலையம் கொண்டு சேர்த்து, எந்த வண்டியில் ஏற்றுவது என்று பார்க்க வேண்டும். போட்டியாளனின் நேர அட்டவணையைத் தானே எடுத்துக்கொண்டு பறந்த தொழில் வேறு இருக்குமா தெரியவில்லை.

சாப்பாடு? குளிர்ந்த வறுத்த கோழி, பழக்கலவை, பன் ரொட்டி, ஃப்ளாஸ்கில் காபி அல்லது தேநீர். அடுப்பு கிடையாது, சூடாக்க வழி கிடையாது. அதனால் எந்தப் பயணத்திலும் அதே கோழி. இறங்கும் இடங்களில் வேறு வேலைகள் இருந்தன. பெட்ரோல் நிரப்ப ஆள் பற்றாவிட்டால், வாளி கைமாற்றும் வரிசையில் இவர்களும் நிற்பார்கள். இரவு விமானத்தை ஷெட்டுக்குள் தள்ளும்போது பைலட்டோடு சேர்ந்து தோள் கொடுப்பார்கள். 52 கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று தேர்ந்தெடுத்த பெண்களிடம் விமானத்தைத் தள்ளச் சொன்ன கம்பெனி அது.

இருபது மணி நேரம் என்பது கணக்கு. உண்மையில் காற்று எதிர்த்து அடித்தால் ஒரு நாள் முழுக்க ஆகும். எட்டுப் பேரில் ஒருவர் பின்னாளில் சொன்ன சம்பவம் உண்டு. பெட்ரோல் தீர்ந்து வயோமிங் பக்கத்தில் ஒரு கோதுமை வயலில் இறங்கியிருக்கிறார்கள். சுற்றுவட்டாரத்திலிருந்து மக்கள் குதிரையிலும் வண்டியிலும் வந்துவிட்டார்கள். பலர் விமானத்தையே அப்போதுதான் முதல் தடவை பார்க்கிறார்கள். விமானத்தைத் தொட்டுப் பார்த்தார்கள், அவரையும் தொட்டுப் பார்த்தார்கள். வானத்திலிருந்து வந்த தேவதை என்றுகூட ஒருவர் சொன்னாராம். காலையிலிருந்து பெட்டி தூக்கி, வாந்தி அள்ளிக் களைத்துப்போன தேவதை.

விமானிகளுக்கு முதலில் இவர்களைப் பிடிக்கவில்லை. தபாலைக் காக்க இடுப்பில் துப்பாக்கி வைத்துக்கொண்டு தனியாகப் பறந்து பழகிய ஆட்கள் அவர்கள். தாங்களே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பறக்கும்போது இன்னொருத்தியைக் கவனிக்க நேரம் ஏது என்பது அவர்கள் நினைப்பு. அவர்களை விட அதிகமாக எதிர்த்தவர்கள் அவர்களுடைய மனைவிமார்கள். இந்தப் பெண்களை வேலையிலிருந்து நீக்கச் சொல்லிக் கம்பெனிக்குக் கடிதம் கடிதமாக எழுதியிருக்கிறார்கள். அதில் ஆச்சரியப்பட எதுவுமில்லை. ஆனால் பயணிகளுக்கு ஏற்பாடு பிடித்துப்போனது. மூன்று மாதச் சோதனை முடிந்தபோது அதை நிறுத்தும் பேச்சே எழவில்லை. அடுத்தடுத்த ஆண்டுகளில் ஈஸ்டர்ன், அமெரிக்கன், டி.டபிள்யூ.ஏ. என்று மற்ற கம்பெனிகளும் பெண்களை எடுக்கத் தொடங்கின.

சம்பளம் மாதம் 125 டாலர், 100 மணி நேரம் பறப்பதற்கு. பெருமந்தம் என்ற பொருளாதார வீழ்ச்சியின் தொடக்கக் காலம் அது. வீட்டுக்கு வீடு போய் நோயாளி பார்க்கும் நர்ஸ்களுக்கு வேலையே கிடைக்காமல் போய்க்கொண்டிருந்தது. மாதா மாதம் கைக்கு வரும் 125 டாலர் நல்ல பணம்தான். ஆனால் அந்த 100 மணி நேரக் கணக்கில் தரையில் செய்யும் வேலை எதுவும் சேராது. துடைத்தது, தள்ளியது, வானிலைக்காகப் பழைய ஷெட்டில் காத்துக் கிடந்தது எல்லாம் இலவசம். பறக்கும் நேரத்துக்கு மட்டும் சம்பளம் என்ற இந்தப் பழக்கம் பல அமெரிக்கக் கம்பெனிகளில் அண்மைக் காலம் வரை ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆபத்து என்பது பேச்சுக்குச் சொல்வதல்ல. ஐரோப்பாவில் முதல் விமானப் பணிப்பெண் என்று அறியப்படும் நெல்லி டீனர் 1934-ல் சுவிஸ்ஏர் கம்பெனியில் சேர்ந்தார். அதே ஆண்டு ஜூலை 27 அன்று, ஜெர்மனியில் டுட்லிங்கன் அருகே அவர் இருந்த கர்ட்டிஸ் காண்டர் விமானம் விழுந்து, உள்ளே இருந்த 12 பேரும் இறந்தார்கள். சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபர் 10 அன்று, அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தின் செஸ்டர்டன் ஊருக்கு மேலே யுனைடெட் விமானம் ஒன்று நடுவானில் வெடித்தது. உள்ளே யாரோ வெடிகுண்டு வைத்திருந்தார்கள். ஏழு பேர் இறந்தார்கள், அவர்களில் பணிப்பெண் ஆலிஸ் ஸ்க்ரிப்னரும் ஒருவர். குண்டு வைத்தது யார் என்று இன்று வரை தெரியவில்லை.

1936 ஏப்ரலில் நடந்ததைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். டி.டபிள்யூ.ஏ. விமானம் ஒன்று மோசமான வானிலையில் பென்சில்வேனியாவில் யூனியன்டவுன் பக்கத்து மலையில் மோதியது. விமானிகள் இறந்துவிட்டார்கள், பயணிகளில் பெரும்பாலோரும் இறந்துவிட்டார்கள். பணிப்பெண் நெல்லி க்ரேஞ்சர் காயத்தோடு தப்பினார். உயிரோடு இருந்த இரண்டு பயணிகளைச் சிதைவிலிருந்து விலக்கி, தன்னால் முடிந்த சிகிச்சை செய்துவிட்டு, அந்தக் குளிரில் காட்டுக்குள் நடந்து ஒரு வீட்டைக் கண்டுபிடித்துத் தொலைபேசியில் தகவல் சொன்னார். அதோடு உட்கார்ந்துவிடவில்லை, மறுபடி மலையேறி அந்த இரண்டு பேரிடம் திரும்பிப் போனார். நர்ஸ் படிப்பு எதற்கு என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை. பத்திரிகைகள் அவரைக் கொண்டாடின. கம்பெனிகளுக்கும் அது விளம்பரமாக உதவியது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சரி, கவர்ச்சி எப்போது வந்தது? விமானம் மாறியபோது. 1933-ல் வந்த போயிங் 247 வேகமானது, ஆனால் இறக்கையைத் தாங்கும் உலோகச் சட்டம் கேபினின் குறுக்கே போகும். கையில் தட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் அதைத் தாண்டித்தான் போய் வர வேண்டும். 1936-ல் டிசி-3 வந்ததும் நிலைமை வேறு. 21 பேர் உட்காரலாம், நிமிர்ந்து நடக்கலாம், சாப்பாடு வைக்கத் தனி இடம் உண்டு. அதே ஆண்டு யுனைடெட் ஓக்லாண்டில் விமானங்களுக்கென்றே சமையல்கூடம் தொடங்கியது. பெட்டி தூக்க, பெட்ரோல் போட ஆட்கள் வந்துவிட்டார்கள். கூரை உயர்ந்தது, எஞ்சின் பலம் கூடியது.

ஆனால் உயரம், எடை என்ற அளவுகோல் கிட்டத்தட்ட அப்படியே நின்றது. 1936-ல் வந்த ஒரு செய்தித்தாள் குறிப்பு, வயது 20 முதல் 26, எடை 100 முதல் 118 பவுண்டு, உயரம் 5 அடி முதல் 5 அடி 4 அங்குலம், அதோடு வருடத்துக்கு நான்கு முறை உடல் பரிசோதனை என்று பட்டியல் போட்டு, இப்படிப்பட்டவருக்குத்தான் இந்த வேலை கிடைக்கும் என்கிறது. குள்ளக் கூரைக்காக வந்த விதி, கூரை உயர்ந்த பிறகு அழகுக்கான விதியாக வேஷம் மாறியது. 1942-ல் போருக்கு நர்ஸ்கள் தேவைப்பட்டதும் கம்பெனிகள் நர்ஸ் படிப்பைத் தகுதிப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டன. போர் முடிந்த பிறகு அதைத் திரும்பச் சேர்க்கவில்லை. எடையும் வயதும் கல்யாணமும் மட்டும் பட்டியலிலேயே தங்கிவிட்டன. எதை விட்டார்கள், எதை வைத்துக்கொண்டார்கள் என்று பார்த்தாலே கம்பெனிகளுக்கு இந்தப் பெண்கள் எதற்குத் தேவைப்பட்டார்கள் என்று விளங்கும்.

கல்யாணத் தடையால் பெரும்பாலோர் இரண்டு மூன்று வருடத்தில் விலகிவிடுவார்கள். கம்பெனிக்கு இதில் நஷ்டமே கிடையாது. அனுபவத்துக்கேற்ப சம்பளம் கூட்ட வேண்டாம், ஓய்வூதியம் பற்றி யோசிக்க வேண்டாம், முகமும் எப்போதும் புதிதாக இருக்கும். கல்யாணமாகாமல் வேலையில் நீடித்தவர்களையும் அனுப்ப ஒரு வழி செய்தார்கள்: 1950-களில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 32 வயது என்று வரம்பு போட்டது. வேறு கம்பெனிகளும் அதே வழியில் 32, 35 என்று வைத்தன. இதற்கு எதிரான சங்கமும் முன்பே பிறந்துவிட்டது. யுனைடெட்டில் பணிப்பெண்ணாக இருந்த ஏடா பிரவுன் 1945-ல் சக ஊழியர்களைத் திரட்டிச் சங்கம் தொடங்கினார். அடுத்த ஆண்டே ஒப்பந்தம் போட்டுச் சம்பளமும் கூட்டினார்கள். ஆனால் அவரே பிறகு கல்யாணம் செய்துகொண்டு வேலையை விட வேண்டியதாயிற்று.

நிறத்தடையும் இருந்தது. கறுப்பினப் பெண் ஒருவர் அமெரிக்க விமானத்தில் பணிப்பெண்ணாக ஏறுவதற்கு 1958 பிப்ரவரி ஆனது. மொஹாக் ஏர்லைன்ஸில் வேலை பெற்ற ரூத் கரோல் டெய்லர், அவரும் ஒரு நர்ஸ்தான். ஒரு தடையை உடைத்தவரை இன்னொரு தடை பிடித்தது. ஆறு மாதத்தில் கல்யாணத்தைக் காரணம் காட்டி வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

வேலையில் ஆண், பெண் என்று பாகுபாடு காட்டுவதைத் தடுத்த, 1964-ல் வந்த சிவில் உரிமைச் சட்டம்தான் கதவைத் திறந்தது. அதன்பின் வந்த வழக்குகளில் இரண்டு எனக்கு முக்கியமாகத் தோன்றுகின்றன, இரண்டும் 1971-ல் தீர்ப்பானவை. ஒன்று யுனைடெட்டின் கல்யாணத் தடையை எதிர்த்து மேரி ஸ்ப்ரோகிஸ் போட்டது. அதே கம்பெனியின் ஹவாய்ப் பயணங்களில் ஆண் பணியாளர்கள் இருந்தார்கள், அவர்கள் கல்யாணம் செய்துகொள்ளலாம். அப்படியென்றால் இது வேலைக்கான விதியா, பெண்ணுக்கான விதியா? நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. இன்னொன்று பான் ஆம் கம்பெனியின் மேல் செலியோ டயஸ் என்ற ஆண் போட்ட வழக்கு. பான் ஆம் 1944 வரை ஆண்களை மட்டுமே வைத்திருந்த கம்பெனி. இருபது வருடத்துக்குள் தலைகீழாக மாறி, ஆணுக்கு வேலை கிடையாது என்றது. பயணியின் பயத்தைத் தணிக்கப் பெண்ணால்தான் முடியும் என்று சொல்ல மனநல மருத்துவர் ஒருவரையும் சாட்சியாகக் கொண்டுவந்தது. 1930-ல் ஸ்டிம்ப்சன் எழுதிய அதே மனோதத்துவ வாதம்! விமானக் கம்பெனியின் அடிப்படை வேலை ஆட்களைப் பத்திரமாகக் கொண்டு சேர்ப்பது, மனதுக்கு இதம் கொடுப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது.

நம் நாட்டுக்கு இந்த விதிகள் வந்து சேர்ந்தன, ஆனால் அவை போவதற்கு இன்னும் அதிகக் காலம் பிடித்தது. ஏர் இந்தியாவில் பணிப்பெண் வேலைக்குச் சேர்ந்து நான்கு வருடத்துக்குள் கல்யாணம் செய்தாலோ, முதல் முறை கர்ப்பமானாலோ வேலை போகும். இரண்டும் நடக்காவிட்டால் 35 வயதில் ஓய்வு, நிர்வாக இயக்குநர் விரும்பினால் 45 வரை நீட்டிப்பு. அதே கேபினில் வேலை பார்த்த ஆண்களுக்கு ஓய்வு 58-ல். பணிப்பெண் நர்கேஷ் மீர்சா தொடர்ந்த வழக்கில் 1981-ல் உச்ச நீதிமன்றம், கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்குவதைக் கடுமையாகக் கண்டித்து ரத்து செய்தது. நிர்வாக இயக்குநரின் இஷ்டத்துக்கு நீட்டிக்கும் அதிகாரத்தையும் நீக்கியது. ஆனால் நான்கு வருடக் கல்யாணத் தடையில் தவறில்லை என்றது, குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் அது நல்லது என்று காரணம் வேறு சொன்னது. அந்தப் பகுதியைப் படித்தால் இன்றும் எனக்குக் கோபம்தான் வரும்.

எலன் சர்ச் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். ஒன்றரை வருடம்தான் பறந்தார். கார் விபத்தில் காயம்பட்டதால் வேலையை விட நேர்ந்தது. மறுபடி படித்து ஆஸ்பத்திரி வேலைக்கே திரும்பினார். இரண்டாம் உலகப் போரில் ராணுவ நர்ஸாகச் சேர்ந்து, காயம்பட்ட வீரர்களை விமானத்தில் ஏற்றிக் கொண்டுவரும் பணி செய்து பதக்கம் வாங்கினார். 1965-ல் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். பிறந்த ஊர் விமானநிலையத்துக்கு இப்போது அவர் பெயர். அவர் முதலில் கேட்ட பைலட் வேலை? 1934-ல் ஹெலன் ரிச்சி என்ற பெண்ணை ஒரு சிறிய அமெரிக்கக் கம்பெனி விமானியாக எடுத்தது. விமானிகள் சங்கம் அவரைச் சேர்க்க மறுத்தது, ஒரு வருடத்துக்குள் விலகிவிட்டார். அதற்குப் பிறகு அமெரிக்கப் பயணி விமானக் கம்பெனியில் நிரந்தரமாக ஒரு பெண் ஓட்டியது 1973-ல்தான், ஃப்ரண்டியர் ஏர்லைன்ஸில் எமிலி ஹவெல் வார்னர்.

அந்தக் கேபினை நேரில் பார்க்க விரும்பினால், அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தின் விமான அருங்காட்சியகத்தில் ஒரு போயிங் 80ஏ-1 இருக்கிறது. தப்பிய ஒரே விமானம் அதுதான். பயணிகளை ஏற்றி முடித்த பிறகு அலாஸ்காவில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்து, கடைசியில் ஆங்கரேஜில் குப்பைமேட்டில் கிடந்ததை 1960-ல் மீட்டுச் சீர்செய்தார்கள். கதவருகே நின்று உள்ளே இருக்கும் நடைபாதையைப் பாருங்கள். கையில் கோழித்தட்டோடு, தள்ளாடும் விமானத்தில், இருபது மணி நேரம் அதற்குள் போய் வருவதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் 115 பவுண்டு விதி எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும்.